குழாய்க்குக் காவல் உண்டு, குளத்துக்கு?



2017இல் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நெடுவாசல் எழுந்தது. 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் பிறந்தது. நம் மாவட்டத்தின் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஒன்றியங்களில் புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்குத் தடை வந்தது. அல்ஹம்துலில்லாஹ். ஆயினும், "இனி அச்சமில்லை" என்போரின் கூற்றை நாம் ஏற்பதற்கில்லை.

ஏனெனில், துறைமுகம், சாலை ஆகியவற்றோடு குழாய்வழிகளுக்கும் அச்சட்டமே விலக்கு அளித்துள்ளது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் அறிவிக்கையோ, தேசியப் பூங்கா, சரணாலயம், பவளப்பாறை போன்ற இடங்களைக் கடக்கும் எண்ணெய், எரிவாயுக் குழாய்களுக்கே முன் அனுமதியைக் கட்டாயமாக்குகிறது. நம் கண்மாயும் வரத்து வாய்க்காலும் அப்பட்டியலில் இல்லை. 1962ஆம் ஆண்டின் குழாய்வழிச் சட்டம், குழாய் செல்லும் நிலத்தில் கிணறு, குளம் வெட்டவும் மரம் நடவும் தடுக்கிறது. கிணற்றிடமிருந்து குழாயைக் காக்கச் சட்டம் உண்டு. குழாயிடமிருந்து கிணற்றைக் காப்பது யார்?

இது வீண் அச்சமன்று. 2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் ஓ.என்.ஜி.சி. குழாய் கசிந்து வயலில் எண்ணெய் பரவியது. 2023 மார்ச்சில் நாகூர் பட்டினச்சேரிக் கரையில் சி.பி.சி.எல். குழாய் உடைந்து கச்சா எண்ணெய் கடலில் கலந்தது. மீனவர்கள் போராட்டத்தில் இறங்கினர். நம் ஊர்களிலோ ஒரு கண்மாயின் உபரிநீரே அடுத்த கண்மாயின் வரத்து. ஓரிடத்துக் கசிவு ஓரிடத்தோடு நிற்காது. நீரின்மேல் படியும் எண்ணெய், காற்றின் உயிர்வளி நீருக்குள் இறங்குவதைத் தடுக்கும். மீன்முட்டையையும் குஞ்சையும் அழிக்கும். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் மீனவரின் ஹலாலான வாழ்வாதாரம் அந்தக் குஞ்சுகளில் அல்லவா இருக்கிறது?

"வளர்ச்சி வேண்டாமா?" என்பார்கள். வேண்டும். எரிவாயு அடுப்பை வைத்துக்கொண்டு குழாயே கூடாது என நாம் கூறவில்லை. கட்டுப்பாடு வேண்டும் என்கிறோம். நீர்நிலையைக் கடக்குமிடத்தில் இரு கரையிலும் அடைப்பு வால்வு, இடைவிடாத கசிவுக் கண்காணிப்பு, மீன் இனப்பெருக்கக் காலத்தில் தோண்டத் தடை, கிராமசபையின் ஒப்புதல், முன்கூட்டியே செலுத்தப்பட்ட இழப்பீட்டு வைப்புத்தொகை ஆகியவை சட்டமாக வேண்டும்.

மதரஸாக்களில் நாம் கற்பிக்கும் ஃபிக்ஹு நூல்கள் தண்ணீரின் சட்டத்திலிருந்தே தொடங்குகின்றன. தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதையே நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் எனில், எண்ணெய் கலப்பதை எவ்வாறு பொறுப்பது? தரையிலும் கடலிலும் தோன்றும் சீர்கேட்டுக்கு மனிதனின் செயலே காரணம் என அர்ரூம் அத்தியாயம் (30:41) உணர்த்துகிறது.

ஆகவே, ஒவ்வொரு ஜமாஅத்தும் அடுத்த கிராமசபையில் இக்கோரிக்கைகளைத் தீர்மானமாக முன்வைக்கட்டும். தண்ணீர் அல்லாஹ்வின் அமானிதம். அதைப் பேணும் நல்லுதவியை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.