ஃபர்ஸ்ட் காப்பி

போன மாதம் எங்கள் ஆபீஸ் வாட்ஸப் குரூப்பில் ஒரு படம் வந்தது. லிஃப்ட்டுக்குள் எடுத்தது. முகம் கிடையாது, இரண்டு கால் மட்டும். சாப்பாடு கொண்டுவந்த டெலிவரி பையனின் கால். சிவப்பும் கறுப்புமாக ஒரு ஏர் ஜோர்டன். நைக்கியின் டிக் கொஞ்சம் குண்டாகி, வால் தொங்கிப்போய், பார்த்தவுடன் டூப்ளிகேட் என்று தெரிகிற மாதிரி. கீழே ஒருவர் 'ஏர் கலப்பை' என்று எழுதினார். பத்தொன்பது பேர் சிரித்தார்கள். இருபதாவதாக நானும் சிரித்தேன். பிறகுதான் உறைத்தது. ராசிபுரத்துக்குப் பக்கத்தில், திண்ணை ஓரம் இன்னும் கலப்பை சாய்ந்து கிடக்கிற வீட்டிலிருந்து வந்தவன் நான்.

படம் போட்டவர் ஷூ சேகரிக்கிறவர். மதியம் கேன்டீனில் வகுப்பே எடுத்தார். "ப்ரோ, இது வெறும் ஷூ இல்ல, ஹிஸ்டரி. என்பிஏ தடை பண்ண ஷூ. ஒவ்வொரு மேட்ச்சுக்கும் 5000 டாலர் ஃபைன் கட்டிக்கிட்டே ஜோர்டன் போட்டு ஆடினார். அந்த ஹிஸ்டரி தெரியாதவன் எதுக்கு இதைப் போடணும்?"

சரி, அந்த ஹிஸ்டரியையே எடுத்துக்கொள்வோம். பந்தய ஷூ சீருடையின் நிறத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்று லீக்கில் ஒரு விதி இருந்தது. கறுப்பு சிவப்பு ஷூ அந்த விதியை மீறுகிறது என்று 1985 பிப்ரவரியில் லீக்கிலிருந்து நைக்கிக்குக் கடிதம் போனது உண்மை. அந்தச் சர்ச்சை கிளம்பிய 1984 அக்டோபரில் ஜோர்டன் காலில் இருந்தது ஏர் ஷிப் என்ற வேறொரு மாடல் என்பது, இதைத் துருவிப் பார்த்தவர்கள் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிற விஷயம். ஏர் ஜோர்டன் கடைக்கு வந்ததே 1985-ல்தான், விலை 65 டாலர். சீருடை விதியைப் பற்றிய ஒரு கடிதத்தை வைத்து நைக்கி டிவி விளம்பரம் எடுத்தது. அவர்கள் தடுத்தார்கள், நீங்கள் போடுவதைத் தடுக்க முடியாது என்கிற மாதிரி. விளம்பர ஏஜென்சி எழுதிக் கொடுத்த புரட்சியைத்தான் நண்பர் ஹிஸ்டரி என்று மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறார்.

கூடைப்பந்து ஷூ தெருவுக்கு வந்த கதை வேறு. 1982-ல் புரூஸ் கில்கோர் வடிவமைத்த ஏர் ஃபோர்ஸ் ஒன்னை நைக்கி 1984-ல் நிறுத்திவிட்டது. கம்பெனி கணக்கில் அது முடிந்துபோன சரக்கு. பால்டிமோரில் மூன்று கடைக்காரர்கள்தான் விடவில்லை. பசங்க வந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், மறுபடி போட்டுக் கொடு என்று கம்பெனியிடம் போய் நின்றார்கள். மாதம் ஒரு புது நிறம் வந்தது. நியூயார்க்கிலிருந்து ஆட்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து வாங்கிப்போனார்கள். ஹார்லெமில் அந்த ஷூவுக்குப் பெயரே 'அப்டவுன்'. அடிடாஸ் சூப்பர்ஸ்டார் கதையும் கிட்டத்தட்ட இதுதான். 1969-ல் ஆட்டக்காரர்களுக்காக வந்த ஷூ அது. ரன்-டிஎம்சி அதைப் பாட்டாக்கி, 1986-ல் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் கூட்டத்தை ஷூவைத் தூக்கிக் காட்டச் சொன்ன பிறகுதான் கம்பெனி செக்புக்கோடு வந்தது.

ஆனா அவங்க காசு குடுத்து ஒரிஜினல்தானே வாங்கினாங்க என்று கேட்பீர்கள். அதே ஹார்லெமில் 1982-ல் டாப்பர் டான் என்ற தையல்காரர் கடை திறந்தார். குச்சி, லூயி வித்தோன் லோகோக்களைத் தானே தோலில் அச்சடித்து ஜாக்கெட் தைத்தார். ராப் பாடகர்களும் குத்துச்சண்டைக்காரர்களும் வந்து வாங்கினார்கள். கம்பெனிகள் வழக்கு, ரெய்டு என்று விரட்டி 1992-ல் கடையை மூடவைத்தன. 2017-ல் அவருடைய பழைய ஜாக்கெட் ஒன்றை குச்சியே அப்பட்டமாகக் காப்பியடித்து மாட்டிக்கொண்டது. மறுவருடம் அவரோடு சேர்ந்து ஹார்லெமிலேயே தையல்கூடம் திறந்தது. ஸ்ட்ரீட் ஃபேஷன் என்று இன்றைக்கு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்கப்படுவதன் வேரிலேயே டூப்ளிகேட் இருக்கிறது. பணக்காரன் பார்த்துச் சிரித்த டூப்ளிகேட்.

நம்ம பக்கத்துக்கு வருவோம். இந்தக் கொங்குச் சமவெளியில் காலில் என்ன போடுவது என்பது ஃபேஷன் பிரச்சினையாக இருந்ததே இல்லை. 2023 டிசம்பரில் திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் பக்கம் ராஜாவூரில் சுமார் 60 தலித் மக்கள் ஒரு தெருவில் செருப்புப் போட்டு நடந்தார்கள். அவ்வளவுதான் செய்தி. அது செய்தியாக வேண்டியிருந்தது. அந்தத் தெருவில் செருப்போடு போனால் மூன்று மாதத்தில் சாவு வரும், அடியில் பொம்மை புதைத்திருக்கிறது என்று தலைமுறையாகச் சொல்லி வைத்திருந்தார்கள். தடை செய்யப்பட்ட காலணி வேண்டுமா? எட்டு கிலோமீட்டருக்கு ஒன்று கிடைக்கும். எந்தக் கம்பெனியும் அதை விளம்பரமாக எடுக்கவில்லை.

என் அப்பா லாரி டிரைவர். நாமக்கல்லில் லோடு ஏற்றினால் குவாஹாத்தி வரைக்கும் அதே ரப்பர் செருப்பு. என்னைப் போட்டது ஒரு ஹாஸ்டல் பள்ளியில். எங்களையும் பிராய்லரையும் ஒரே மாதிரி வளர்க்கிறார்கள் என்று ஊரே கேலி பேசிய காலம். புதன்கிழமை வெள்ளை கேன்வாஸ் கட்டாயம். அழுக்காக இருந்தால் இருபது ரூபாய் ஃபைன். செவ்வாய் ராத்திரி சாக்பீஸைத் தண்ணீரில் தொட்டுத் தேய்ப்போம், காலையில் வரிசையில் நிற்கும்போது நடக்க நடக்க மாவு உதிரும். ஜோர்டனுடைய ஃபைனை நைக்கி கட்டியதாகக் கதை. என்னுடையதை அப்பா கட்டினார். பன்னிரண்டாவது முடித்த அன்றைக்கு சேலம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிளாட்பாரக் கடையில் முந்நூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு கலர் ஷூ வாங்கினேன். பக்கவாட்டில் நைக்கியில் ஒரு எழுத்து கூடுதலாக இருந்தது. பரவாயில்லை. பள்ளி சொல்லாத நிறத்தில் நானாகப் போட்ட முதல் ஷூ அது.

அதனால்தான், 'நுகர்வு வெறி' என்று முகம் சுளிக்கிற நம்முடைய இலக்கியவாதிகள் மேலும் எனக்குக் கோபம். கைத்தறி ஜிப்பாவும் கோலாப்பூர் செருப்புமாக எளிமையைப் பற்றி எழுதுகிறவருக்கு அந்த எளிமை ஒரு தேர்வு. எங்கள் வீட்டில் அது தேர்வாக இருந்ததில்லை. டூப்ளிகேட் புனிதம் என்று நான் சொல்ல வரவில்லை. எந்தச் சந்தில் யார் எவ்வளவு கூலிக்கு ஒட்டுகிறார்களோ, அந்தப் பசை நாற்றமே கொஞ்சம் சொல்லும். ஆனால் கணக்கு கேட்க ஆரம்பித்தால் ஒரிஜினலிடமும் கேட்க வேண்டும். செய்யாறு சிப்காட்டில் தைவானின் ஃபெங் டே குழுமம் பல வருடமாக நைக்கிக்கு ஷூ செய்கிறது. அங்கே வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 2022-ல் தமிழ்நாடு அரசு காலணிக்கும் தோல் பொருட்களுக்கும் என்று தனிக் கொள்கை வெளியிட்டது. ஒரிஜினலின் வாசனை எதில் இருக்கிறது என்று நண்பர் மூக்கை வைத்துப் பார்க்கிறாரே, அதில் நம்ம ஊர் விரல் ரேகையும் இருக்கலாம்.

ஊத்தங்கரைப் பக்கம் என் சித்தி மகள் இப்படி ஒரு ஷூ கம்பெனிக்கு பஸ்ஸில் போகிறாள். பொங்கலுக்கு வந்தபோது டெலிவரி பையனின் படத்தைக் காட்டினேன். செல்லை வாங்கி இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். லோகோவை அவள் கவனிக்கவே இல்லை.

"சோல் ஒட்டுன இடம் நல்லாதான் இருக்குண்ணா. மழைல போட வேண்டாம்னு சொல்லு" என்றாள்.