கலால் தெரியும்... ஹலால் தெரியுமா?

"ஏம்பா, இங்க சிக்கன் ஹலாலா?"

தாம்பரம் மேற்கில் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் ஒரு ஏ.சி. ஓட்டலில் நான் இப்படிக் கேட்டதும் சர்வர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கொஞ்சம் குரலைத் தணித்துக்கொண்டு, "அதெல்லாம் தனியாப் போடறதில்ல சார். பில்லுல அஞ்சு பர்சென்ட் ஜி.எஸ்.டி. மட்டும்தான்" என்றார்.

கலால் வரி என்று நினைத்துவிட்டார் மனுஷன்!

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆறு மாதம் முன்பு வரை என் கதையும் அதேதான். நான் பி.காம். காலேஜில் கலால் வரியை உருட்டி உருட்டிப் படித்துப் பாஸ் பண்ணினேன். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து அதில் பெரும் பகுதியை அப்படியே விழுங்கி ஏப்பம் விட்டது. படித்தது உதவாமல் போனது. படிக்காத ஹலால்தான் இப்போது என்னைத் தெருத் தெருவாக அலைய வைத்தது. எப்படி என்கிறீர்களா?

எங்களுடையது ரயில் சிநேகிதம். வாரத்தில் மூன்று நாள் கிண்டியில் ஒரு கம்பெனிக்குக் கணக்கு எழுதப் போகிறேன். தாம்பரம் – பீச் லோக்கலில் ஐந்து பேர் கொண்ட செட். பேங்க் உத்தியோகஸ்தர் ஒருத்தர். மெப்ஸில் வேலை பார்ப்பவர் ஒருத்தர் (அடுத்த ஸ்டேஷனான சானடோரியத்தில் இறங்கிவிடுவார், அதற்கே ஜன்னலோர சீட் கேட்பார்!). இன்ஷூரன்ஸ் ஆபீஸ்காரர் ஒருத்தர். சுத்த சைவம், அதனால் பட்டப்பெயர் 'தயிர்சாதம்'. அப்புறம் நான். அப்புறம் நம்ம பாய். உத்தமபாளையத்துக்காரர், நந்தனத்தில் வேலை, குடித்தனம் சேலையூரில்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை ராத்திரி யாராவது ஒருத்தர் செலவில் ஓட்டல். மூன்று வருஷமாக நடக்கிறது. அதில் ஒரு விசேஷம், பாய் எந்த ஓட்டலுக்கு வந்தாலும் வயிறு சரியில்லை என்பார். ஒரு மீன் வறுவல், அதுவும் இல்லாவிட்டால் தயிர் சாதம். "பிரியாணியைக் கண்டு ஓடற ஒரே பாய் நம்ம பாய்தான்" என்று மெப்ஸ்காரர் ஜோக் அடிப்பார். நாங்கள் சிரிப்போம். பாயும் சிரிப்பார். அவருக்கு அல்சராக இருக்குமோ என்று நான் ஒரு கீரை வைத்தியம் கூடச் சொன்னேன்!

போன மாசியில் பாயின் அத்தா கண் ஆபரேஷனுக்காக ஊரிலிருந்து வந்திருந்தார். பாயின் சம்சாரம் பிரசவத்துக்குப் போயிருந்ததால் வீட்டில் சமையல் இல்லை. பெரியவருக்கு ஒரு நல்ல பிரியாணி வாங்கிக் கொடுத்து நல்ல பேர் எடுக்கலாமே என்று நானே இருவரையும் கூப்பிட்டுக்கொண்டு போனேன். விசாரித்தா போனேன்? போர்டில் பிறை இருந்தது, பெயரில் 'பாய்' இருந்தது. வேறென்ன வேண்டும்?

உட்கார்ந்தோம். பெரியவர் மட்டும் எழுந்து மெதுவாகக் கல்லாவுக்குப் போனார்.

"கறி எங்க வாங்குறீங்க தம்பி?"

"சப்ளையர் கொண்டாந்து போடுவாருங்க. பாக்கெட்ல வரும்."

"யாரு அறுக்குறது?"

"அது... தெரியலீங்களே பெரியவரே. மெஷினா இருக்கும்."

பெரியவர் திரும்பி வந்தார். முகத்தில் சிரிப்பு மாறவில்லை. "தம்பி, டாக்டரு கறி திங்கக் கூடாதுன்னுட்டாரு. எனக்கு வெள்ளைச் சோறும் தயிரும் சொல்லுங்க" என்றார். பாய் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கும் வயிறு ஒரு மாதிரியா..." என்று ஆரம்பித்தார்.

அப்பனுக்கும் பிள்ளைக்கும் ஒரே ராத்திரியில், ஒரே நிமிஷத்தில் உடம்பு சரியில்லாமல் போகுமா? எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் இலையில் மட்டும் பிரியாணி மலை மாதிரி ஆவி பறந்தது. அதை எப்படிச் சாப்பிட்டு முடித்தேன் என்று கேட்காதீர்கள்.

வெளியே வந்ததும் பாயை ஓரங்கட்டினேன். "வயிறெல்லாம் நல்லாத்தான் பாஸ் இருக்கு, மூணு வருஷமா" என்றார். "சொல்லியிருக்கலாமே?" என்றேன். "ஒருத்தனுக்காக நாலு பேர் ஓட்டலை மாத்தணுமா? அதுவும் இல்லாம, இந்தப் பாய் ரொம்பப் பண்றாரேன்னு நீங்கள்லாம் நினைச்சிட்டா?"

சாட்டையால் அடித்தாற்போல் இருந்தது. ஏனென்றால் ஒருத்தருக்காக நாங்கள் ஓட்டலை மாற்றாமலா இருந்தோம்? தயிர்சாதத்துக்காக மாற்றினோமே! 'சைவத்துக்குத் தனி வாணலியா? தனிக் கரண்டியா? முட்டை பொரித்த எண்ணெயா?' என்று சர்வரை எத்தனை தடவை குறுக்கு விசாரணை செய்திருக்கிறோம்! அவருக்காகக் கேட்பது எங்களுக்கு இயல்பாக வந்தது. பாய்க்காகக் கேட்க வேண்டும் என்று நாலு பேரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

சரி, இனிமேலாவது கேட்போம் என்று கிளம்பினேன். எதைக் கேட்பது? முதலில் அது தெரிய வேண்டுமே!

ஞாயிற்றுக்கிழமை காலை நான் வழக்கமாக மட்டன் வாங்கும் கடை பாயிடம் பாடம் கேட்டேன். ஹலால் என்றால் அரபியில் 'அனுமதிக்கப்பட்டது' என்று அர்த்தமாம். அது ஏதோ மசாலா இல்லை, ஒரு ருசி இல்லை. பன்றி, ரத்தம், தானாகச் செத்தது, இறைவன் அல்லாத வேறு பெயர் சொல்லி அறுத்தது... இவை கூடாது. ஆடோ கோழியோ உயிரோடு, நோயில்லாமல் இருக்க வேண்டும். இறைவன் பெயரைச் சொல்லி, கூரான கத்தியால் தொண்டையையும் கழுத்து ரத்தக் குழாய்களையும் அறுத்து, ரத்தம் முழுக்க வடிய விட வேண்டும். அதன் கண்ணெதிரே கத்தி தீட்டக் கூடாது என்பதும் உண்டு. மீனுக்கு இந்த அறுப்பே தேவையில்லை. ஆகா, பாயின் மீன் வறுவல் ரகசியம் அதுதானா! இறாலில் மட்டும் கொஞ்சம் வில்லங்கம். காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கத்து ஷாஃபிகள் தாராளமாகச் சாப்பிடுவார்கள். ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபி. அவர்களில் சிலர் தொடமாட்டார்கள்.

கடைசியில் கடை பாய் ஒன்று சொன்னார்: "முறையா அறுத்துட்டு எடையில அம்பது கிராம் அடிச்சேன்னு வைங்க, அந்தக் காசு எனக்கு ஹராம் சார்." காமர்ஸ் படித்தவனுக்கு இதைவிட நல்ல ஆடிட்டிங் பாடம் யார் நடத்துவார்கள்?

பிறகு ஆறேழு சனிக்கிழமை. பெருங்களத்தூரிலிருந்து பல்லாவரம் வரை நானும் என் பழைய ஸ்கூட்டரும் அலைந்தோம். கற்றுக்கொண்டதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆபீஸிலும் ஒரு 'வயிறு சரியில்லாத' பாய் இருக்கக் கூடும்!

ஒன்று: போர்டை நம்பாதீர்கள். பிறை, பச்சை பெயின்ட், 786, 'பாய்' என்ற பெயர் எல்லாம் பெயின்டர் கைவண்ணம். எங்கள் ஏரியாவில் பிரியாணி என்றாலே 'பாய்' போட்டால்தான் ஓடும் என்று முதலாளிகள் நினைக்கிறார்கள். இதற்கு நேர் எதிரும் உண்டு. நெற்றி நிறைய விபூதியோடு கல்லாவில் ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். மேலே முருகன் படம். கறி மட்டும் பத்து வருஷமாக பாய் கடையிலிருந்து வரும். "எல்லாரும் சாப்பிட வர்ற இடமாச்சே சார்" என்றார் அப்படி ஒரு முதலாளி. போர்டில் ஒரு எழுத்து கிடையாது!

இரண்டு: 'ஹலாலா?' என்று மட்டும் கேட்காதீர்கள். ஆமாம் என்பது சுலபம். 'எந்தக் கடையில் கறி வாங்குகிறீர்கள்?' என்று கேளுங்கள். கடையின் பெயர் டக்கென்று வந்தால் நல்லது. 'சப்ளையர்' என்று இழுத்தால் தயிர் சாதம்தான்! ஆட்டையும் கோழியையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். மட்டன் ஒரு இடத்திலிருந்தும் சிக்கன் ஒரு இடத்திலிருந்தும் வரலாம்.

மூன்று: மெனு கார்டை முழுக்கப் படியுங்கள். சைனீஸ், கான்டினென்டல் வைத்திருக்கும் இடங்களில் பன்றி அயிட்டம் ஏதாவது இருந்தால், அதே எண்ணெய், அதே கல்தானா என்று பார்க்க வேண்டும். சில சாஸ்களில் ஒயின் சேர்ப்பதும் உண்டு.

நான்கு: சர்டிபிகேட். ஓட்டல்காரர் ஹலால் சான்றிதழ் வாங்கியே தீர வேண்டும் என்று நம் நாட்டுச் சட்டம் எதுவும் இல்லை. தனியார் அமைப்புகள் தருவதுதான். அப்படி ஒன்றான ஹலால் இந்தியா நம்ம சென்னையில்தான் இருக்கிறது. தெற்கு டெல்லி மாநகராட்சி, ஓட்டல்கள் ஹலாலா ஜட்காவா என்று எழுதி வைக்க வேண்டும் என்று 2021 ஜனவரியில் தீர்மானம் போட்டது (ஜட்கா என்பது ஒரே வெட்டில் தலையை எடுப்பது). உத்தரப் பிரதேசமோ 2023 நவம்பரில், ஏற்றுமதிக்குத் தவிர, ஹலால் முத்திரை போட்ட பொருள்களை விற்கவே தடை போட்டது. ஒரு ஊரில் எழுது என்கிறார்கள், ஒரு ஊரில் எழுதாதே என்கிறார்கள். நம் ஊரில் கேட்டுத் தெரிந்துகொள்கிறோம். அதுவே நிம்மதி. சில பேர் சுவரில் மாட்டியிருக்கும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. லைசென்ஸைக் காட்டுவார்கள். அந்தப் 14 இலக்க நம்பர் உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு. ஹலாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஐந்து: இதுதான் பிரம்மாஸ்திரம். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்மா தொழுகை முடிகிற நேரத்துக்குப் பள்ளிவாசல் இருக்கும் தெருவில் போய் நில்லுங்கள். தொழுது முடித்த கூட்டம் எந்த ஓட்டலுக்குள் நுழைகிறதோ, அதன் பின்னாலேயே நீங்களும் நுழையுங்கள். சர்டிபிகேட்டாவது ஒன்றாவது!

ஆனால் ஹலால் என்பதற்காகவே ஒரு ஓட்டல் நல்ல ஓட்டலாகிவிடாது. பெருங்களத்தூர்ப் பக்கம் ஒரு கடையில் கறி அத்தனை சுத்தமான ஹலால். மேஜை துடைக்கும் துணியைப் பார்த்தால் அதையும் ஒருமுறை அறுத்து ரத்தம் வடியவிடலாம் போல் இருந்தது! பெரியவரிடம் போனில் இதைச் சொன்னபோது சிரித்துவிட்டு, "ஹலால்னு மட்டும் சொல்லல தம்பி, தய்யிப்னும் சேர்த்துல்ல சொல்லியிருக்கு. நல்லதா, சுத்தமாவும் இருக்கணும்" என்றார்.

ருசிக்கு அலைய நம் பக்கத்தில் இடம் நிறையவே இருக்கிறது. பல்லாவரத்தில் யா மொய்தீன், ஆலந்தூரில் சுக்குபாய் இரண்டும் தென்புறநகர்க்காரர்கள் பெயர் சொல்லித் தேடிப் போகிற பிரியாணிக் கடைகள். இன்னும் கொஞ்சம் லோக்கலில் போனால் மவுன்ட் ரோடு புஹாரி. 1951-லிருந்து இருக்கிறது. சிக்கன் 65 எங்கள் அடுப்பில் 1965-ல் பிறந்தது என்று சொல்லிக்கொள்கிற ஓட்டல். சீரகச் சம்பாவும் கத்தரிக்காயுமாக ஆம்பூர் பாணி, பாஸ்மதியில் ஹைதராபாத் பாணி, தரையில் வட்டமாக உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடும் ஏமன் நாட்டு மந்தி... பர்ஸுக்கும் வயிற்றுக்கும் தகுந்தபடி.

பெரியவர் இரண்டாவது கண்ணுக்காக மறுபடி வந்தார். இந்தத் தடவை செட்டு முழுக்கக் கிளம்பினோம். பல்லாவரத்தில் நான் முன்கூட்டியே இரண்டு முறை சாப்பிட்டுப் பார்த்து வைத்திருந்த ஒரு சின்னக் கடை. தயிர்சாதம் எதிர்த்த மாதிரி இருந்த சைவ ஓட்டலில் மினி டிபனை முடித்துவிட்டு வந்து எங்களோடு உட்கார்ந்துகொண்டார்.

பெரியவர் வழக்கம்போல் எழுந்து கல்லாவுக்குப் போனார். எனக்கு அடிவயிற்றில் கலக்கம். எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட்டுக்குக் கூட அப்படி இருந்ததில்லை. "கறி எங்க..." என்று அவர் ஆரம்பிப்பதற்குள், கல்லாக்காரர் கடைப் பெயர், தெரு, அறுப்பவர் பெயர் மூன்றையும் ஒப்பித்துவிட்டு, "நீங்க வேணா நடந்தே போய்ப் பாத்துட்டு வந்துருங்க அத்தா, இலை போட்டு வைக்கிறேன்" என்றார்.

பெரியவர் வந்து உட்கார்ந்தார். சாப்பிட்டார். தால்ச்சாவை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். நான் சும்மா இருக்க முடியாமல், "அத்தா, டாக்டர் கறி கூடாதுன்னாரே?" என்றேன்.

"டாக்டரு கிடக்காரு தம்பி. அந்த எலும்பை இப்படித் தள்ளுங்க."

பாய் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவர் இலையில் பிரியாணி இருந்தது. அதுவும் பாதி காலி!

போன வாரம் லோக்கலில் தயிர்சாதம் போனைக் காதில் வைத்துக்கொண்டு யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார். அடுத்த முதல் சனிக்கிழமை அவர் செலவு. ஓட்டலுக்கு போன் போட்டிருக்கிறார்.

"எனக்கு இல்ல சார், நான் சைவம். என் ஃப்ரெண்டுக்காகக் கேக்கறேன். ஹலால்... ஹலால்! கலால் இல்ல சார்! ஹோட்டலுக்கு 'ஹ' போடுவீங்களே, அந்த 'ஹ'!"

பாய் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை அது எங்களுக்காகச் சிரித்த சிரிப்பில்லை.