யந்திரம் ஏன் வரவில்லை?

யந்திரங்கள் எல்லாம் ஏதோ ஒரு மகானுடைய மூளையில் ஆண்டவன் அருளால் திடீரென்று உதித்தவை என்று நம்மவர்களில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கெண்டி மூடி ஆடியதைப் பார்த்து ஜேம்ஸ் வாட் நீராவி யந்திரம் கண்டுபிடித்தார் என்கின்ற கதையும் நமது புராணங்களுக்குத் தம்பிதான்.

அவருக்கு முன்பே 1712ல், இரும்புச் சாமான் வியாபாரியாகிய நியூகோமன் என்பவர் நிலக்கரிச் சுரங்கத்துத் தண்ணீரை இறைக்க நீராவி யந்திரம் வைத்துவிட்டார். அது கரியை வாரித் தின்றது. சுரங்க வாயிலிலேயே கரி மலிவாய்க் கிடந்ததால் முதலாளி கவலைப்படவில்லை. வாட் அதைத் திருத்தி 1769ல் உரிமை பெற்றும், ஆவி ஒழுகாத உருளை கடைந்து கொடுப்பாரில்லாமல் பல வருஷம் திண்டாடினார். வில்க்கின்சன் என்பவர் 1774ல் பீரங்கி துளைக்கப் புது முறை கண்ட பிறகுதான் வாட்டின் காரியம் பலித்தது. கரி விலை அதிகமாயிருந்த கார்ன்வாலில் அது நன்றாய் விலை போயிற்று. இதில் ஆண்டவன் எங்கே வந்தான்?

நிற்க. நம் நாட்டில் சாக்கடை சுத்தம் செய்ய யந்திரம் இல்லாமலா மனிதனைக் குழிக்குள் இறக்குகிறார்கள் என்று நாம் கேட்கிறோம். மலம் அள்ள மனிதனை வைக்கலாகாதென்று 1993லும், பாதுகாப்பின்றிச் சாக்கடைக்குள் இறக்கலாகாதென்று 2013லும் சட்டம் செய்தாய்விட்டது. யந்திரமும் விலைக்கு இருக்கிறது. ஆனாலும் விஷவாயுவில் சாகிறார்கள். ஏன்? கூப்பிட்டவுடன் இறங்குவதற்கென்றே ஒரு ஜாதியை வைத்திருக்கிறோமல்லவா? கயிறும் வாளியும் மலிவு. அவன் உயிர் அதைவிட மலிவு. மேல்ஜாதிக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் முறை வைத்து இறங்கவேண்டுமென்று நாளைக்கு ஒரு உத்தரவு போடட்டும். மறுநாளே முனிசிபாலிட்டி வாசலில் யந்திரம் வந்து நிற்கிறதா இல்லையா, பார்க்கலாம்!