ஸ்ரீராம்புரத்துப் பிள்ளைகளுக்கு எந்தப் பள்ளி?

பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் தலைமுறைகளாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள், பிள்ளைகளை நடந்து போகும் தொலைவிலுள்ள அரசுப் பள்ளியில் சேர்ப்பதா, பெயரில் ‘இன்டர்நேஷனல்’ என்ற சொல்லைத் தாங்கிய கட்டணப் பள்ளியில் சேர்ப்பதா என்ற கேள்விக்கு, கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தவுடன் இரண்டாவது விடையையே தேர்ந்தெடுக்கின்றன. அந்தத் தேர்வு தவறானது. ஆனால் அத்தவற்றுக்குப் பெற்றோரைக் காட்டிலும் கர்நாடகத்தின் மொழிக் கல்வி நடைமுறையே கூடுதல் பொறுப்பேற்க வேண்டும் என்பதையும், உள்ளூர்ப் பள்ளியில் தமிழுக்கு ஓர் இருக்கை தராமல் அப்பெற்றோரைக் குறை சொல்ல எவருக்கும் தகுதியில்லை என்பதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும்.

சர்வதேசப் பள்ளி என்பது யாருக்காகத் தோன்றியது என்பதைப் பார்த்தாலே பாதித் தெளிவு கிடைத்துவிடும். 1924-இல் ஜெனீவாவில் தொடங்கப்பட்ட சர்வதேசப் பள்ளி, அந்நகரில் அப்போது அமைந்திருந்த உலக நாடுகள் சங்கம், பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு ஆகியவற்றின் அலுவலர்களுடைய பிள்ளைகளுக்கானது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நாடு மாறும் குடும்பங்களுக்கு, எந்த நாட்டிலும் தொடரக்கூடிய ஒரே பாடத்திட்டம் தேவைப்பட்டது. அத்தேவையிலிருந்துதான் 1968-இல் அதே ஜெனீவாவில் ஐ.பி. எனப்படும் இன்டர்நேஷனல் பாக்கலோரியேட் அமைப்பு பிறந்தது. தமிழ்நாட்டிலேயே இதற்கு முன்னோடி உண்டு: அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக 1901-இல் கொடைக்கானலில் தொடங்கிய பள்ளியே, 1976-இல் இந்தியாவில் முதன்முதலாக ஐ.பி. பாடத்திட்டத்தை ஏற்ற கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி. ஆக, இவ்வகைப் பள்ளி ஓரிடத்தில் நிலைக்காதவர்களுக்கான ஏற்பாடு; சுற்றியுள்ள ஊரின் மொழி தெரியாமலே படித்து முடித்து வெளியேற உதவுவது அதன் குறையன்று, அதன் நோக்கமே அதுதான்.

ஸ்ரீராம்புரத்துக் குடும்பம் எங்கும் போகப்போவதில்லை. வட ஆற்காடு, சேலம், தர்மபுரிப் பக்கங்களிலிருந்து பின்னி மில், மினர்வா மில், ராஜா மில் போன்ற ஆலைகளை நம்பி வந்தவர்களின் வழியினர் இப்பகுதியில் ஏராளம். ஆலைகள் மூடப்பட்டன, ராஜா மில் இருந்த இடத்தில் மந்திரி ஸ்கொயர் வணிக வளாகம் எழுந்தது, 2014-இல் மெட்ரோ ரயில் இப்பகுதியின் பெயரிலேயே ஒரு நிலையத்தோடு வந்தது. இத்தனைக்குப் பிறகும் அவர்கள் நகரவில்லை. கர்நாடகத்தில் தமிழைத் தாய்மொழியாகப் பதிந்தவர்கள் 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி சுமார் 21 லட்சம் பேர். வளைகுடா நாடுகளில் வேலை செய்யும் தமிழர், குடியுரிமைக்கு வழியில்லாத நிலையில் என்றாவது ஊர் திரும்பவேண்டும் என்பதற்காகப் பிள்ளைகளை இந்தியப் பாடத்திட்டப் பள்ளியில் சேர்ப்பதில் நியாயம் இருக்கிறது. மூன்றாம் தலைமுறை பெங்களூர்க்காரருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

இன்னொன்றையும் ஒளிவுமறைவின்றிச் சொல்லவேண்டும். உண்மையான ஐ.பி. பள்ளிகள் சர்ஜாபுரம், எலகங்கா போன்ற நகரின் விளிம்புகளில், ஆண்டுக்குப் பல லட்சம் கட்டணத்தில் நடக்கின்றன. ஸ்ரீராம்புரத்துச் சந்துகளைச் சுற்றியிருப்பவை அவையல்ல. அடித்தளத்தில் இருசக்கர வாகனங்கள் நிற்க, மேலே மூன்று மாடிகளில் வகுப்பறைகளும், முகப்பில் பூகோள உருண்டை வரைந்த பலகையும் கொண்ட இக்கட்டடங்களில் பெரும்பாலும் நடப்பது அதே மாநிலப் பாடத்திட்டம். பத்தாம் வகுப்பில் அப்பிள்ளை எழுதப்போவதும் அரசுப் பள்ளிப் பிள்ளை எழுதும் அதே எஸ்.எஸ்.எல்.சி. தேர்வுதான். கழுத்துப்பட்டைக்கும் பலகைக்கும் சேர்த்து வீட்டு வாடகைக்கு நிகரான தொகை மாதந்தோறும் போகிறது என்பதுதான் வேறுபாடு.

இருந்தும் பெற்றோர் ஏன் அங்கே போகிறார்கள்? ஆங்கிலம் வேலை தரும் என்பது வெளிப்படையான காரணம், அது பொய்யுமல்ல. அதற்கடியில் இன்னொரு காரணம் இருக்கிறது. 1991 டிசம்பரில் காவிரி இடைக்கால உத்தரவையொட்டிப் பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்டபோதும், 2016 செப்டம்பரில் அதே காவிரிக்காக நகரம் எரிந்தபோதும், தெருவில் தமிழ் பேசுவதே ஆபத்து என்ற பாடம் குடும்பங்களுக்குள் இறங்கியது. கன்னடம் முழுதாகத் தம்முடையதாகவில்லை, தமிழை வெளியே காட்டவும் முடியவில்லை என்ற நிலையில், இரண்டுக்கும் பொதுவான ஒதுங்கிடமாக ஆங்கிலம் அமைந்தது. பிள்ளையிடம் ஆங்கிலத்திலேயே பேசும் தாய்மார்களைக் கேலி செய்யும் மேடைப் பேச்சாளர்கள் இந்த அச்சத்தைக் கணக்கில் எடுப்பதேயில்லை. ஆனால் அந்த ஒதுங்கிடம் நீடிக்காது. மாநில அரசுப் பணித் தேர்வுகளில் கன்னடத் தாளில் தேர்ச்சி கட்டாயம். காவல் நிலையத்திலும் பத்திரப்பதிவு அலுவலகத்திலும் கையெழுத்திடும் தாள் கன்னடத்தில் இருக்கிறது. கன்னடத்தைத் தெருவில் பேசவும் பள்ளியில் தவிர்க்கவும் கற்ற பிள்ளை, பிறந்த ஊரிலேயே அரை அந்நியனாக வளர்கிறது.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்பதைப் பெற்றோரில் பலர் அறிந்திருக்கவில்லை. மொழிச் சிறுபான்மையினர், அதாவது ஒரு மாநிலத்தின் பெரும்பான்மை மொழியல்லாத வேறொன்றைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள், தம் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறுவதற்கான வசதிகளை மாநிலம் செய்து தர முயல வேண்டும் என்கிறது 1956-இன் ஏழாவது திருத்தத்தால் அரசமைப்பில் சேர்க்கப்பட்ட 350அ பிரிவு. ஒரு வகுப்பில் 10 பேர் அல்லது ஒரு பள்ளியில் 40 பேர் இருந்தால் அம்மொழியில் கற்பிக்க ஆசிரியர் தரப்பட வேண்டும் என்ற அளவுகோல் 1949-இலேயே மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாட்டில் ஏற்கப்பட்டது. கர்நாடகத்தின் பாதை வேறு திசையில் போனது. பள்ளிகளில் மொழிகளுக்கான இடத்தை ஆராய்ந்த கோகாக் குழுவின் அறிக்கையும் 1982-இல் நடிகர் ராஜ்குமார் முன்னின்ற இயக்கமும் கன்னடத்துக்கு முதலிடம் கேட்டன. 1994-இல் அரசு, முதல் நான்கு வகுப்புகள் தாய்மொழியிலோ கன்னடத்திலோதான் நடக்க வேண்டும் என ஆணையிட்டது. 2014 மே 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, பயிற்றுமொழியை அரசு திணிக்க முடியாது, பிள்ளையின் தாய்மொழி எது என்பதைப் பெற்றோரே முடிவு செய்வர் என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பைத் தனியார் ஆங்கிலவழிப் பள்ளிகள் வெற்றியாகக் கொண்டாடின. மொழிச் சிறுபான்மையினரோ, திணிப்பு நீங்கிய அளவுக்குக்கூட வசதி கிடைக்காமல் நின்றார்கள்: வேண்டாததை மறுக்கும் உரிமை கைக்கு வந்தது, வேண்டியதைக் கற்பிக்க ஆசிரியர் வரவில்லை.

ஏழைகளுக்கு இருந்த ஒரு வழியும் அடைபட்டது. கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளிகளில் 25 விழுக்காட்டு இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்குகிறது. அருகில் அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ இருந்தால் அந்த ஒதுக்கீடு பொருந்தாது எனக் கர்நாடகம் 2019-20 கல்வியாண்டு முதல் விதியை மாற்றியது. அரசுப் பள்ளிகள் நெருக்கமாக உள்ள ஸ்ரீராம்புரம் போன்ற பழைய பகுதிகளில் இதன் பொருள், ஏழைப் பிள்ளைக்கு அரசுப் பள்ளி அல்லது கடன் வாங்கிக் கட்டும் கட்டணம் என்ற இரண்டே வழிகள் என்பதாகும்.

இங்கே வழக்கமாக எழும் கோரிக்கை, நலிந்துகொண்டிருக்கும் தமிழ்வழிப் பள்ளிகளைக் காப்பாற்று என்பது. எல்லாப் பாடங்களையும் தமிழிலேயே நடத்தும் பள்ளி பெங்களூரில் இனித் தழைக்காது. அதைக் கேட்டு மேடையேறும் பெரியவர்களில் எத்தனை பேர் தம் பேரப்பிள்ளைகளை அங்கே சேர்ப்பார்கள் என்பது அவர்களுக்கே தெரியும். சிங்கப்பூரின் அனுபவம் கவனிக்கத்தக்கது. அந்நாட்டின் கடைசித் தமிழ்வழி உயர்நிலைப் பள்ளியான உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி 1982-இல் மூடப்பட்டது. ஆனால் தமிழ் பள்ளியை விட்டு வெளியேறவில்லை. ஆங்கிலம் பயிற்றுமொழியாகவும் தமிழ் தாய்மொழிப் பாடமாகவும் உள்ள உள்ளூர் அரசுப் பள்ளியிலேயே தமிழ்ப் பிள்ளைகள் படிக்கிறார்கள். தேர்வில் மதிப்பெண் பெறும் பாடமாக அது இருப்பதால் எந்தப் பெற்றோரும் அலட்சியம் செய்ய முடிவதில்லை. வீடுகளில் ஆங்கிலம் கூடிவருவதை அந்த ஏற்பாட்டாலும் தடுக்க முடியவில்லை என்பது உண்மைதான். ஆயினும் எழுதப்படிக்கத் தெரிந்த தலைமுறை அங்கே தொடர்கிறது. ஸ்ரீராம்புரத்தில் அதைச் சொல்ல முடியுமா என்பது ஐயமே.

அதற்கான கதவு கர்நாடகத்தின் சொந்தத் தேர்வுமுறையிலேயே திறந்திருக்கிறது. எஸ்.எஸ்.எல்.சி.யின் மொத்த மதிப்பெண் 625. அதில் முதல் மொழிக்கு மட்டும் 125, மற்ற ஐந்து பாடங்களுக்குத் தலா 100. முதல் மொழிகளின் பட்டியலில் கன்னடம், தெலுங்கு, உருது, மராத்தி ஆகியவற்றோடு தமிழும் இருக்கிறது. கன்னடத்தை முதல் அல்லது இரண்டாம் மொழியாகக் கற்பிக்க வேண்டும் என்ற 2015-ஆம் ஆண்டின் கன்னட மொழி கற்றல் சட்டத்தையும் மீறாமல், தமிழ் முதல் மொழி, கன்னடம் இரண்டாம் மொழி, ஆங்கிலம் மூன்றாம் மொழி என்று ஒரு பிள்ளை படிக்க வழியுண்டு. 2019-இல் ஆயிரம் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் தொடங்கப்பட்ட பின், ஆங்கிலத்துக்காகத் தனியார் பள்ளிக்கு ஓடவேண்டிய கட்டாயமும் குறைந்திருக்கிறது. இம்மூன்று மொழிகளும் ஒரே அரசுப் பள்ளியில் ஒன்றுகூடினால், சந்திலுள்ள எந்த ‘இன்டர்நேஷனல்’ பள்ளியும் தர முடியாத கல்வி அது. குறுக்கே நிற்பது ஒரே ஒரு காலியிடம்: தமிழாசிரியர்.

அந்த வாய்ப்பும் குறுகக்கூடும். சுகதேவ் தோரட் தலைமையிலான மாநிலக் கல்விக் கொள்கை ஆணையம் 2025 ஆகஸ்டில் அளித்த அறிக்கையில் இருமொழிக் கொள்கையைப் பரிந்துரைத்துள்ளது. கன்னடம் அல்லது தாய்மொழி, அதனுடன் ஆங்கிலம் என்ற இந்த ஏற்பாட்டில் கன்னடப் பிள்ளைக்கு இழப்பில்லை. தமிழ்ப் பிள்ளையோ தமிழைத் தேர்ந்தால் கன்னடத்தையும், கன்னடத்தைத் தேர்ந்தால் தமிழையும் இழக்கும். 1968 முதல் தமிழ்நாட்டில் நடைமுறையிலுள்ள இருமொழிக் கொள்கையைப் பெருமையாகக் கருதும் தமிழர்களுக்கு இது சங்கடமான உண்மை. 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தின்கீழ் ஓசூர்ப் பக்கத்துக் கன்னடப் பிள்ளைகளும் தெலுங்குப் பிள்ளைகளும் எழுப்பிய குறை, இப்போது வடிவம் மாறி ஸ்ரீராம்புரத்துக்கு வருகிறது. சிறுபான்மை மொழிப் பிள்ளைக்கு இரண்டு போதாது, மூன்று வேண்டும். அதைக் கேட்பதற்கும் தமிழ்நாட்டின் மீது இந்தியைச் சுமத்துவதை எதிர்ப்பதற்கும் முரண்பாடு இல்லை, ஏனெனில் இங்கே மூன்றாவது மொழி தில்லியின் விருப்பமன்று, அப்பிள்ளையின் தெருவிலும் வீட்டிலும் ஏற்கெனவே இருப்பது.

எனவே ஆணையத்தின் பரிந்துரையை ஏற்கும் முன் மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்கு விலக்களித்து மும்மொழி வாய்ப்பைக் கர்நாடக அரசு தக்கவைக்க வேண்டும். 10 பேர் இருக்கும் வகுப்புக்குத் தமிழாசிரியரை, தனி ஆள் கிடைக்காவிட்டால் இரண்டு மூன்று பள்ளிகளுக்குப் பொதுவாகவேனும், நியமிக்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2001-இல் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகமும், 2022-இல் அதன்கீழ் அமைத்த தமிழ்ப் பரப்புரைக் கழகமும் பாடநூல், ஆசிரியர் பயிற்சி ஆகியவற்றைத் தரலாம். ஆனால் அவ்வுதவியால் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு மட்டும் நடந்தால், மதிப்பெண் பட்டியலில் ஏறாத வரை அது வார நாள் பாடத்துக்கு ஈடாகாது. அல்சூரில் 1950 முதல் இயங்கும் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் விழா மேடைகளுக்குச் செலவிடும் உழைப்பில் ஒரு பங்கைச் சேர்க்கைக் காலத்தில் வீடுவீடாகப் பெயர் சேகரிக்கத் திருப்பினால், 10 என்ற எண்ணை எட்டுவது ஸ்ரீராம்புரத்தின் ஒரு குறுக்குத் தெருவிலேயே முடிகிற காரியம். கட்டணப் பள்ளிகள் அடுத்த ஆண்டுக்கான முன்பணத்தை டிசம்பரிலேயே வாங்கத் தொடங்கிவிடுவதால், அப்பெயர்களோடு தமிழாசிரியர் கேட்டு வட்டாரக் கல்வி அலுவலரிடம் கொடுக்க வேண்டிய மனு அதற்கு முன்பே, நவம்பருக்குள் தயாராக வேண்டும்.