மூன்றாவது முத்திரை

எங்கள் பேட்டைக் கிளை நூலகத்தில் என் சிறுகதைத் தொகுப்பு ஒன்று இருக்கிறது. கடைசி அலமாரி, கீழ்த்தட்டு. பார்க்க வேண்டுமானால் தரையில் உட்கார வேண்டும். அவ்வப்போது போய் உட்காருவேன்.

புத்தகத்துக்குள் தேதி முத்திரை குத்தும் சீட்டு ஒன்று ஒட்டியிருப்பார்களே, எழுத்தாளனுக்கு அதுதான் பேலன்ஸ் ஷீட். (பி.காம். படித்தவன் வேறென்ன சொல்வான்?) நாலு வருஷத்தில் மூன்று முத்திரை. அதில் இரண்டு அடியேன். யாருமே எடுக்காவிட்டால் கழித்துக் கட்டிவிடுவார்களோ என்ற பயத்தில் நானே எடுத்துப்போனது. இரண்டாம் தடவை நூலகர் அம்மா கேட்டேவிட்டார்.

"இந்தப் புத்தகம் உங்க வீட்டுல இல்லையா சார்?"

இருக்கிறது. நாற்பது பிரதி.

சரி, அந்த மூன்றாவது முத்திரை யார்?

சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். வேலை போரடித்து, பழைய வேலைக்கே திரும்பிவிடப் பார்த்தார். லண்டன் போய்ப் படித்துவிட்டு வந்தபின் ஆளே மாறிவிட்டார். 1931-ல் அவர் நூலாக வெளியிட்ட ஐந்து விதிகளில் மூன்றாவது, எந்தப் புத்தகத்துக்கும் எங்கோ ஒரு வாசகர் உண்டு என்பது. கணக்கு வாத்தியார் சொன்னால் தப்புமா? எனக்கும் சரியாக ஒருவர்.

அந்த ஒருவர் ஒரு கதையின் அடியில் பென்சிலால் எழுதியிருந்தார்: 'முடிவு மூணாவது பக்கத்துலயே தெரிஞ்சுபோச்சு. ஆனா அந்த அம்மா பஸ்ஸுக்கு நிக்கற இடம் நிஜம்.'

சுருக்கென்றது. இந்தப் புத்தக வெளியீட்டு விழாவில் ஐந்து பேர் பேசினார்கள். 'உலகத் தரம்' என்றார்கள். ஒருவர் தலைப்பையே தப்பாகச் சொன்னார். இன்னொருவர் நான் எழுதாத கதை ஒன்றைப் பாராட்டினார். நானும் கைதட்டினேன். அவர்கள் விழாக்களில் நானும் படிக்காமலே பேசியவன்தானே? கல்யாணத்தில் இதை மொய் என்பார்கள். இலக்கியத்தில் விமரிசனம்.

ரப்பரால் அழித்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. வீட்டுக்கு வந்து கதையைப் படித்தேன். மூன்றாம் பக்கத்திலேயே தெரிந்துதான் போகிறது. பஸ்ஸுக்கு நிற்கிற அந்த அம்மா, என் அம்மா. நாலே வரி. கதைக்குத் தேவையில்லை என்று வெட்டப் பார்த்த வரிகள்.

ஐந்து மைக்குகள் சொல்லாததை ஒரு பென்சில் சொல்லிவிட்டது.

உங்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. தமிழ்நாட்டில் சொத்து வரி கட்டும்போது ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரியும் சேர்த்துக் கட்டுகிறோம். இதற்கு அடிப்படை, ரங்கநாதன் பாடுபட்டு 1948-ல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம். வாடகை வீடு என்றாலும் தப்பவில்லை, உங்கள் வாடகைக்குள் அது ஒளிந்திருக்கிறது. ஆபீஸ் விட்டுப் போகிற வழியில், கட்டின காசுக்கு ஒரு புத்தகமாவது எடுங்கள். கீழ்த்தட்டையும் குனிந்து பாருங்கள். பாக்கெட்டில் பென்சில் இருந்தால் நல்லது. (நூலகர் அம்மா மன்னிக்க.)

இப்போது புதுசாக ஒரு கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்றாம் பக்கம் வந்தாகிவிட்டது.

முடிவு எனக்கே இன்னும் தெரியவில்லை.