அக்கா மகள் கேட்ட கம்ப்யூட்டர்

சமயநல்லூரில் ஏறிய டவுன் பஸ் பரவையைத் தாண்டுவதற்குள் அக்கா மகள் நோட்டைத் திறந்துவிட்டாள். நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, இந்தப் பக்கம் இன்டெல், அந்தப் பக்கம் ஏஎம்டி என்று எழுதி வைத்திருந்தாள். பி.சி.ஏ. இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அரசு கொடுக்கும் மடிக்கணினிக்கான பட்டியலில் அவள் வரவில்லை. என் பையில் இருந்தது அக்கா மகளிர் குழுவில் எடுத்த 30,000 ரூபாய். "அதுக்குள்ள முடிச்சிரு தம்பி, திரும்பக் குழுவுல போய் நிக்க முடியாது" என்று சொல்லித்தான் கொடுத்தாள். மானிட்டரும் கீபோர்டும் என் வீட்டில் சும்மா கிடந்தன. மற்றதெல்லாம் வாங்க வேண்டும்.

"ஏஎம்டி சூடாகுமாமே மாமா? கிளாஸ்ல எல்லாரும் சொல்றாங்க."

இந்தப் பேச்சுக்கு வயது இருபதுக்கு மேல். 2000-த்தை ஒட்டி வந்த அத்லான் சிப்புகளில் சூடு மீறினால் தானே நின்றுகொள்ளும் வசதி சரியாக இல்லை. ஹீட்சிங்க் கழன்றால் கருகின. பிறகு எஃப்எக்ஸ் வரிசையில் 220 வாட் இழுக்கும் சிப்பைக்கூட அந்தக் கம்பெனி விற்றது. அப்போது ஒட்டிய பெயர் இன்னும் போகவில்லை. இன்றைக்குக் கடையில் நாம் பார்க்கும் ரைசன் 3 3200ஜி 65 வாட். அதற்கு எதிரே நிற்கும் ஐ3 12100 அடிப்படையில் 60 வாட், முழு வேகத்தில் 89 வாட். சூட்டை வைத்து இவற்றில் ஒன்றை ஒதுக்க முடியாது. எங்கள் பக்கம் தகரக் கூரைக்குக் கீழே, சித்திரை வெயிலில், ஃபேனில் புழுதி அடைத்துக் கிடந்தால் எந்த சிப்பாக இருந்தாலும் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிரஷ்ஷால் தட்டித் துடைக்கச் சொன்னேன்.

முதலில் போன கடையில் 'ஐ5' என்று ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டியை எடுத்து வைத்தார்கள். பாதிப் பணம்தான் ஆகும், பெயர் பெரியது. எத்தனாவது ஜெனரேஷன் என்று கேட்டாள் அக்கா மகள். மூன்றாவது. அதாவது 2012-ல் வந்தது. பத்து வருஷம் கழித்து வந்த ஐ3 அதைத் தாராளமாக முந்திவிடும். அதோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் எட்டாவது ஜெனரேஷனாவது வேண்டும். கல்லூரிக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டுக் கடன் வாங்கி வருகிறவர்களிடம் இதைச் சொல்லாமல் ஸ்டிக்கரைக் காட்டி விற்பது பெரிய அநியாயம். ஐ3, ஐ5 என்ற பெயருக்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். 12100-ல் முதல் இரண்டு இலக்கம்தான் ஜெனரேஷன்.

சரி, புதிதாக வாங்குவதில் எது? 3200ஜி 2019-ல் வந்தது, நாலு கோர், நாலு த்ரெட். 12100 வந்தது 2022-ல், நாலு கோர், எட்டு த்ரெட், ஒவ்வொரு கோரும் வேகம். 3200ஜி-யின் பலம் அதற்குள் இருக்கும் வேகா 8 கிராபிக்ஸ். கார்டு இல்லாமலே சாதாரண கேம் ஓடும். ஆனால் அந்த கிராபிக்ஸ் தனக்கென்று மெமரி இல்லாமல் ரேமையே பங்கு போட்டுக்கொள்கிறது. ஒரே 8 ஜிபி குச்சியைச் செருகினால் பாதை ஒன்றுதான். இரண்டு 4 ஜிபி குச்சி போட்டால் பாதை இரண்டாகும், படம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குச் சீராக ஓடும். கேம் விளையாடுகிற வீட்டுக்கு நான் 3200ஜி-யும் இரண்டு குச்சியும்தான் சொல்வேன். இவளுக்குக் கேம் கிடையாது. ஜாவா, பைத்தான், பிரவுசரில் இருபது டேப், இடையில் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ. அதற்கு 12100. இரண்டுக்கும் உள்ள விலை வித்தியாசத்துக்காகக் கொஞ்ச நேரம் யோசித்தாள்; கேபினட்டில் கலர் லைட் எரிவதை விட்டுவிட்டு ஈடு கட்டினாள்.

ஏஎம்டி நோட்டில் தோற்றதே தவிர, அவள் வாங்கிய ஐ3-க்குள் ஏஎம்டியின் பங்கு இருக்கிறது. 2010-லிருந்து ஏழாவது ஜெனரேஷன் வரைக்கும் டெஸ்க்டாப் ஐ3 என்றால் இரண்டு கோர்தான். இன்டெல் அதைக் கூட்டவே இல்லை. 2017 மார்ச்சில் ரைசன் வந்து கோர்களை அள்ளிக் கொடுத்தது. அதே வருஷம் அக்டோபரில் ஐ3 8100 நாலு கோரோடு வந்தது. ஐபிஎம் தன் முதல் பிசியைச் செய்தபோது சிப்புக்கு ஒரே கம்பெனியை நம்ப மாட்டேன் என்று அடம்பிடித்ததால்தான் 1982-ல் ஏஎம்டிக்கு இன்டெல்லின் சிப்பைச் செய்யும் உரிமை கிடைத்தது. அந்த அடம் இல்லாவிட்டால் 30,000 ரூபாயோடு போகிற நமக்கு நோட்டில் கோடு போட்டு எழுத ஒரே ஒரு பக்கம்தான் இருந்திருக்கும். இந்த இரண்டு கம்பெனியும் நன்றாக இருக்க வேண்டும் என்று நான் மனசார நினைக்கிறேன்.

பில் போடும்போது கடைப் பையன், "அண்ணே, இதே 12100 கொஞ்சம் கம்மியா இருக்கு, எஃப் மாடல்" என்றான். நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன். 2021-ல் ஒரு கடையில் 10100எஃப் கொடுத்தார்கள். எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது என்று யாரும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து மாட்டினால் ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, மானிட்டர் இருட்டு. கரண்ட் பிரச்சினையோ என்று இரண்டு நாள் எர்த் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் கிராபிக்ஸ் கார்டு விலை தாறுமாறாக ஏறிக் கிடந்தது. படம் வருவதற்கு மட்டும் ஒரு பழைய கார்டை வாங்க, மிச்சப்படுத்திய காசைப் போல் மூன்று மடங்கு போனது. கார்டு வாங்க வசதி உள்ளவருக்கு எஃப் நல்ல பேரம். மற்றவர்கள் அந்த எழுத்து இல்லாததைத்தான் எடுக்க வேண்டும்.

ரேம் விலை 2025 கடைசியிலிருந்து கண்டபடி ஏறியதால் 8 ஜிபியோடு நிறுத்திக்கொண்டோம். போர்டில் இன்னொரு ஸ்லாட் காலியாக இருக்கிறது. விலை இறங்கும்போது பார்த்துக்கொள்ளலாம். அக்காவிடம் திருப்பிக் கொடுக்க 640 ரூபாய் மிஞ்சியது.

ராத்திரி என் வீட்டுத் தரையில் பாயை விரித்து அவளையே மாட்டச் சொன்னேன். ரைசன் 3200ஜி-யில் 1331 பின்னும் சிப்பின் வயிற்றில் இருக்கும். கூலரைக் கழற்றும்போது பேஸ்ட் ஒட்டிச் சிப்பும் சேர்ந்து பிய்ந்து வந்து பின் வளையும். எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் லெட் இல்லாத மைக்ரோடிப் பென்சிலின் குழலை ஒவ்வொரு பின்னிலும் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்துவார். இந்த இன்டெல்லில் 1700 முனையும் போர்டில்தான். சிப்பின் மூலையிலுள்ள முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு சேர்த்து, அமுக்காமல் சும்மா வைத்தாள். லீவரை இறக்கும்போது கறகறவென்று சத்தம். "உடையுதா மாமா?" என்று கையை எடுத்துவிட்டாள். அப்படித்தான் கேட்கும், அழுத்து என்றேன். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள். கறுப்பு பிளாஸ்டிக் மூடி தானாகத் தெறித்துப் பாயில் விழுந்தது. போர்டு வாரண்டிக்குப் போனால் அந்த மூடியைக் கேட்பார்கள் என்றதும் அதை எடுத்து, பில்லோடு சுருட்டி, ஜியோமெட்ரி பாக்ஸில் வைத்துக்கொண்டாள்.