பன்னிரண்டு ஆட்டங்கள் எஞ்சியிருக்க

வெற்றி கிடைத்துவிட்டால் அதற்கு முன் நிகழ்ந்தவற்றையெல்லாம் அவ்வெற்றிக்குக் காரணமென்று கொள்ளும் மயக்கம் கற்றாரிடத்தும் காணப்படுகின்றது. இம்மயக்கத்தை ஆராய்தற்கு அமெரிக்கர் ஆடும் பேஸ்போல் ஆட்டத்திலிருந்து ஒரு வழக்கை எடுத்துக்கொள்கின்றேன். பண்டிதனுக்குப் பந்தாட்டம் எதற்கு என்பார் பொறுத்தருள்க.

2008ஆம் ஆண்டு செப்டெம்பர் 15ஆம் நாள், மில்வோக்கி நகரத்து புரூவர்ஸ் அணியார் தம் முகாமையாளர் நெட் யோஸ்டைப் பதவியினின்றும் நீக்கினர். முகாமையாளர் என்றதும் மேசையும் கணக்கேடும் நினைவுக்கு வருமாயின் அது இங்குப் பொருந்தாது. இவர் வீரர் அணியும் அதே சீருடையை அணிந்து ஆடுகளத்தின் ஓரத்திலே நிற்பவர். எவர் எவ்வரிசையில் அடிக்க வருவது, களைத்த பந்தெறிவாளரை எப்போது மாற்றுவது என்பவற்றைத் தீர்மானிப்பவர். வீரரை விலைபேசிக் கொணர்வது இவர் தொழிலன்று. அது மேலிடத்தார் தொழில்.

ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள். அவற்றுள் 150 முடிந்திருந்தன. புரூவர்ஸ் 83இல் வென்று 67இல் தோற்றிருந்தது. தோல்வி மலிந்த அணியன்று. ஆயினும் அம்மாதத்தில் ஆடிய 14இல் 11இல் தோற்றது. பிலடெல்பியாவுக்குச் சென்று நான்கு ஆட்டங்களிலும் வீழ்ந்து, தனக்கிருந்த முன்னிலையை அந்நகரத்து அணியோடு சமமாக்கிக்கொண்டு திரும்பியது. 1982இன் பின் இறுதிச் சுற்றுகளைக் கண்டறியாத ஊர் அது. உரிமையாளர் அஞ்சினர். யோஸ்ட் போனார், அவர்கீழ்ப் பயிற்றுநராயிருந்த டேல் ஸ்வேம் அவ்விடத்தில் அமர்த்தப்பட்டார்.

எஞ்சிய 12இல் ஏழு வெற்றி, ஐந்து தோல்வி. செப்டெம்பர் 28ஆம் நாள், பருவத்தின் கடைசி ஆட்டத்தில், சிக்காகோ கப்ஸ் அணியை 3க்கு 1 என வென்றனர். நியூயோர்க் மெற்ஸ் அன்றே தோற்றமையால் மில்வோக்கிக்கு இடம் கிட்டிற்று. நீக்கியது சரியே என்று பலர் தீர்ப்புக் கூறினர்.

கூட்டிக் கழித்துப் பார்ப்போம். 150இல் 83 வென்ற அணி, எவரையும் நீக்காது அதே வீதத்தில் ஆடினும், 12இல் ஆறோ ஏழோ வெல்லும். கிடைத்தது ஏழு. அதிசயம் எங்கே? சி. சி. சபாதியா என்னும் பந்தெறிவாளர், வழக்கமான ஓய்வைக் குறைத்துக்கொண்டு மூன்றுமுறை அடுத்தடுத்து எறிந்தார். கடைசி ஆட்டத்தை முதலிலிருந்து முடிவுவரை தாமே எறிந்து முடித்தார். அவரை யூலை மாதத்தில் கிளீவ்லந்திலிருந்து கொணர்ந்திருந்தனர். ஏழு வெற்றிக்குக் காரணம் தேடுவார் முதலில் நோக்க வேண்டியது அத்தோளையே.

எதிர்வழக்கும் வலியதே. நம்பிக்கையிழந்த அணிக்குக் கணக்குக் காட்டிப் பயனில்லை. புதிய குரலொன்று வேண்டும் என்பர். யோஸ்டின் பந்தெறிவாளர் மாற்றங்கள் பற்றி எழுந்த குறைகளும் பொய்யல்ல. ஆயின் 2007இலும் அவ்வணி எட்டு ஆட்டங்களுக்கு மேற்பட்ட முன்னிலையை இழந்து முதலிடத்தைக் கைவிட்டதே! குற்றம் அவரிடத்ததாயின் அம்மாரிகாலத்தில் ஆராய்ந்து தெளிந்திருக்கலாகாதா? வள்ளுவர் தெரிந்து தெளிதலை ஓரதிகாரமாகவும், தெரிந்து வினையாடலை அடுத்த அதிகாரமாகவும் வைத்த முறையை மாணாக்கருக்கு விளக்குந்தோறும் எனக்கு இவ்வையம் எழுவதுண்டு: வினை முடியுந் தறுவாயில் தெளிவது தெளிவா, அச்சமா? பரீட்சைக்குப் பன்னிரு நாள் இருக்க ஆசிரியரை மாற்றும் பாடசாலையை நாம் என்னென்போம்?

அம்மனிதர் செய்தது சிறிதன்று. 2002இல் 106 ஆட்டங்களில் தோற்ற அணியை அடுத்த ஆண்டு முதல் ஏற்றவர் அவர். 2005இல் வெற்றியும் தோல்வியும் சமமாயின. 2007இல் வெற்றி மிகுந்தது. உழுது விதைத்தவர் அவர். களத்திலே நெற்பொலி கண்டவர் வேறொருவர்.

பிற்காலத்தில் யோஸ்ட் கன்சாஸ் நகர அணியை 2010இல் ஏற்று, 2014இல் உலகத் தொடரின் ஏழாம் ஆட்டம்வரை கொண்டுசென்று, 2015இல் அத்தொடரையே வென்றார். இதனைக் காட்டி மில்வோக்கியாரை எள்ளுவாரும் உளர். அவரோடும் யான் உடன்படேன். பின்வந்த வெற்றியால் முன்செய்த நீக்கத்தைத் தவறென்பதும், ஏழு வெற்றியால் அதனைச் சரியென்பதும் ஒரே குழியில் விழுதலாம். செய்த நாளில் கையிலிருந்த சான்றுகளைக் கொண்டே செயலை அளத்தல் வேண்டும். அவ்வளவையில் அந்நீக்கம் தேறவில்லை என்பதே என் துணிபு.

நிற்க. 1983இல் பிலடெல்பியா அணி, பிரிவில் முதலிடத்தில் இருந்தபோதே, பற் கொறாலஸ் என்னும் முகாமையாளரை யூலை மாதத்தில் நீக்கியது. அதுவும் கொடிதென்பார் உண்டு. ஆனால் அங்கே மேலிடத்து அதிகாரியான போல் ஓவன்ஸ் தாமே சீருடை அணிந்து களத்தோரம் இறங்கினார். தோற்றிருந்தால் பழியும் அவரதே. அவ்வாண்டு தேசிய லீக்கை வென்று, உலகத் தொடரில் பால்ரிமோரிடம் தோற்றனர். நீக்குவோர் இவ்வாறு இறங்கி நிற்பாராயின் எனக்கு வழக்கில்லை.

மில்வோக்கியில் எவரும் இறங்கவில்லை. முதற்சுற்றிலேயே பிலடெல்பியா அவர்களை மூன்றுக்கு ஒன்றென வென்றது. ஸ்வேமுக்கும் அப்பதவி நிலைக்கவில்லை. கென் மக்கா என்பவரை அமர்த்தினர். 2009இல் அவ்வணி 80 வென்று 82இல் தோற்றது. ஸ்வேம் அடித்தல் கற்பிக்கும் பயிற்றுநராக அங்கேயே பணிபுரிந்தார்.